பெரிய கே, சின்ன கே

போன மழைக்காலத்தில் எங்கள் கோயில் அலுவலகத்துக் கம்ப்யூட்டர் நின்றுபோனது. கரண்ட் வந்து வந்து போனதில் மதர்போர்டு எரிந்துவிட்டது என்றார் ரிப்பேர்க்காரர். பர்மாவில் யாங்கோன் நகரத்துக்கு வெளியே இருக்கிற சின்னக் கோயில் எங்களுடையது. ஊர் பெயரும் கோயில் பெயரும் வேண்டாம், இதில் வருகிற சிலர் அதை விரும்பமாட்டார்கள். அந்தக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் எக்ஸ்பியும் எக்செல் 2003-உம் இருந்தன. 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு இரண்டுக்கும் மைக்ரோசாஃப்டின் ஆதரவு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகும் பல வருடம் எங்கள் கணக்கு அதில்தான் ஓடியது. சந்தாப் பெயர்கள், ஆடி மாத வசூல், தீமிதிச் செலவு, பூசாரி சம்பளம், 2008 மே மாதம் நர்கீஸ் புயல் பிய்த்துக்கொண்டு போன கூரையைத் திரும்பப் போட்ட கணக்கு, எல்லாம் அதில். நான் ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பார்க்கிறவள். அதனால், "நீ வந்து பாரு தாயி" என்று கணக்கர் மாமா கூப்பிட்டனுப்பினார்.

மாமாவுக்கு 78 வயது. எங்களுக்கு அவர் ரத்த உறவு இல்லை. ஆனால் எங்கள் தெருவில் பிறந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் அவர் மாமாதான். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் கோயில் கணக்கை நீளப் பேரேட்டில் கையால் எழுதிவந்தவர். அந்தப் பேரேடுகளை இன்னும் தகரப் பெட்டியில் வைத்திருக்கிறார். 1988-ஆம் வருடத்துப் பேரேட்டைப் பிரித்தால் உண்டியல் எண்ணிக்கைக்கு அவர் கட்டம் போட்டிருப்பது தெரியும்: 90 சாட் நோட்டு இத்தனை, 45 சாட் நோட்டு இத்தனை, 15 சாட் நோட்டு இத்தனை என்று. சாட் என்பது பர்மா நாணயம், அப்படி நோட்டு புழங்கிய காலம் அது. அதற்கு முந்தின வருடம் 25, 35, 75 நோட்டுகளை அரசாங்கம் ஒரே நாளில் செல்லாது என்று அறிவித்ததில் உண்டியலில் கிடந்ததும் போயிற்று. அந்த நட்டத்தையும் தனி வரியாக எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறார். இப்படிப்பட்டவர் கணக்கில் ஒரு காலத்தில் 45,000 சாட் இடித்தது. பதினாறு, பதினேழு வருடமாக என் மனதை விட்டுப் போகாமல் இருந்தது அந்தத் தொகைதான். ஃபாண்டையும் (எழுத்துரு) பிரிண்டரையும் சரிசெய்யப் போன இடத்தில் அது அவிழும் என்று நான் நினைக்கவில்லை.

என் தம்பி மகன் கம்ப்யூட்டர் படித்தவன். "எல்லாத்தையும் யூனிகோடாக்கி கூகுள் ஷீட்ல போட்டுட்டா ஒரே ராத்திரில முடிஞ்சிடும் அத்தை, எதுக்கு இந்தப் பழசைக் கட்டி அழறீங்க?" என்றான். யூனிகோடு என்பது ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி எண் வைத்திருக்கிற உலகப் பொது முறை. அவன் சொன்னதில் தப்பில்லை, என்றைக்காவது செய்யத்தான் வேண்டும். ஆனால் மாமாவுக்குப் பழைய எக்செலின் மெனுக்கள் கையில் ஊறியிருக்கின்றன. எடிட்டுக்குக் கீழே எது, டூல்ஸுக்குக் கீழே எது என்று கண்ணாடி இல்லாமலே சொல்வார். 2007-க்குப் பிறகு வந்த எக்செலில் அவருக்கு சேமிக்கிற இடமே பிடிபடவில்லை. 78 வயதில் சம்பளம் வாங்காமல் கணக்கு எழுதுகிறவரை அவருக்குத் தெரிந்த கருவியில் எழுத விடுவதுதான் மரியாதை என்று எனக்குப் பட்டது. அதனால் என் ஆபீஸில் ஒதுக்கிவைத்த விண்டோஸ் 7 கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, கோயில் அலமாரியில் இருந்த சிடியிலிருந்து எக்செல் 2003-ஐயே அதில் போட்டேன். பழைய ஹார்ட் டிஸ்க் நல்லவேளையாகப் பிழைத்திருந்தது.

அம்மாவுக்கு ஐந்து குறி

ஃபைலைத் திறந்ததும் பெயர்ப் பத்தி முழுக்க ஆங்கிலக் கிறுக்கலாக இருந்தது. பாமினி ஃபாண்டைப் பயன்படுத்தியவர்களுக்கு இது புதிதல்ல. மலேசியாவிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர் சிடியில் கொண்டுவந்து கொடுத்ததுதான் எங்கள் பாமினி. மாமா பழைய தமிழ்த் தட்டச்சு மெஷினில் பழகியவர், பாமினியின் விசைகளும் பெரும்பாலும் அதே வரிசை என்பதால் உடனே பிடித்துக்கொண்டார். ஆனால் கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அங்கே தமிழே இல்லை. 'அம்மா' என்று மாமா அடிக்கும்போது அது சேமித்து வைப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகளை. எம் வருகிற இடத்தில் அ, கே வருகிற இடத்தில் ம, அரைப்புள்ளிக்கு மேல்புள்ளி, எச்சுக்குத் துணைக்கால் என்று பாமினி படம் மாற்றிக் காட்டுகிறது. பாமினி இல்லாத மெஷினில் அந்த ஐந்து குறியும் அப்படியே நிற்கும். எக்செலில் மேலே இருக்கிற ஃபார்முலா வரிக்கு நாம் கட்டத்துக்குப் போட்ட ஃபாண்ட் பொருந்தாது என்பதால், பாமினி இருக்கிற மெஷினிலும் அங்கே ஆங்கிலம்தான் தெரியும். மாமா இத்தனை வருடமும் அந்த வரியைப் பார்க்காமலே வேலை செய்யப் பழகியிருந்தார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இணையத்திலிருந்து ஒரு பாமினியை இறக்கிப் போட்டேன். பெரும்பாலான பெயர்கள் சரியாக வந்தன, ஆனால் அங்கங்கே ஒரு எழுத்து மட்டும் வெற்றுக் கட்டமாக நின்றது. அதே பெயரில் உலவும் ஃபாண்டுகள் எல்லாம் ஒன்றல்ல. விசைப்பலகையில் இல்லாத எழுத்துகளை ஒவ்வொருவர் ஒவ்வொரு எண்ணில் வைத்திருப்பார்கள். அப்புறம் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கேபிள் போட்டு இணைத்து, விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரில் கிடந்த மாமாவின் பாமினியையே எடுத்து நிறுவினேன். கட்டங்கள் போய் எழுத்துகள் வந்தன. இத்தனை வருடக் கணக்கும் சில பத்து கிலோபைட் எடையுள்ள அந்த ஒரு ஃபைலில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. ஹார்ட் டிஸ்க்கும் எரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தபோது கை நடுங்கியது. கணக்கு ஃபைலை பென் டிரைவில் காப்பி எடுக்கிறவர்கள், அது எந்த ஃபாண்டில் எழுதப்பட்டதோ அந்த ஃபாண்டையும் அதே ஃபோல்டரில் போட்டு வையுங்கள். இதை நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பக்கத்துப் பத்தி பர்மியப் பெயர்கள். நம்மில் பலருக்கு வீட்டில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர் இருக்கிறது அல்லவா? அந்தப் பத்தியில் பழைய வரிகள் வின் இன்வா ஃபாண்டில் இருந்தன. அதுவும் பாமினி மாதிரிதான், ஆங்கிலக் குறிகளுக்குப் பர்மிய முகம். நடுவில் கொஞ்ச வருடம் ஒரு பையன் உட்கார்ந்து அடித்தவை ஜோஜி ஃபாண்டில். ஜோஜியின் சிக்கல் வேறு வகை. அது யூனிகோடில் பர்மிய மொழிக்கு ஒதுக்கிய எண்களையே எடுத்துத் தன் இஷ்டத்துக்குப் பயன்படுத்தியது. விண்டோஸ் எக்ஸ்பியில் பர்மிய எழுத்தை முறையாகக் கோத்துக் காட்டும் வசதி இல்லாததால் நாடே ஜோஜியைப் பிடித்துக்கொண்டது. 2019 அக்டோபர் 1-ஆம் தேதி அரசாங்கம் யூனிகோடுக்கு மாறியபோது, எது ஜோஜி, எது யூனிகோடு என்று எண்ணை மட்டும் பார்த்துச் சட்டென்று பிரிக்க முடியாமல் எல்லோரும் திண்டாடினார்கள். பாமினியாவது தான் வேஷம் போட்டிருப்பதை ஃபாண்ட் போனதும் காட்டிவிடும். ஜோஜி காட்டாது, எழுத்து லேசாகக் கலைந்து தெரியும், அவ்வளவுதான். பர்மியப் பத்தியை ஒரு வாரம் தள்ளிவைத்தேன்.

தமிழ்ப் பெயர்களைச் சரிபார்த்துக்கொண்டே வந்தபோது நாலைந்து இடத்தில் 'குரசாமி' என்று இருந்தது. ரு இருக்க வேண்டிய இடத்தில் ர. மாமா கோயில் திண்ணைப் பள்ளியில் தமிழ் படித்தவர். அறுபதுகளில் தனியார் பள்ளிகளை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு நமக்கெல்லாம் கிடைத்தது அந்தத் திண்ணைதான். பிழை வந்தால் என்ன, எழுதினாரே என்று நினைத்துக்கொண்டு திருத்தினேன். 'குருசாமி' என்று நான் அடித்து என்டர் தட்டியதும் என் கண் முன்னாலேயே அது 'குரசாமி' ஆனது. மறுபடி அடித்தேன், மறுபடி ஆனது. பாமினியில் கு என்பது பெரிய எஃப், ரு என்பது பெரிய யூ. ஒரு சொல்லின் தொடக்கத்தில் இரண்டு பெரிய எழுத்து சேர்ந்து வந்தால் இரண்டாவதைச் சின்னதாக்குவது எக்செலின் ஆட்டோகரெக்ட் வசதிகளில் ஒன்று. ஆங்கிலம் அடிப்பவர்களின் கை தவறுக்காக வைத்தது. சின்ன யூ என்றால் பாமினியில் ர. டூல்ஸ் மெனுவில் அந்த வசதியை அணைத்தேன். மாமாவின் தமிழைப் பற்றி மனதுக்குள் ஒரு கணம் நான் நினைத்தது மட்டும் அணையவில்லை. பர்மாத் தமிழரின் தமிழ் பிழைத்தமிழ் என்று வெளியூர்க்காரர்கள் சொன்னால் எனக்குக் கோபம் வரும். நானே அதைத்தான் செய்திருந்தேன்.

சுழியத்தின் அகலம்

எழுத்து வந்தாயிற்று, இனி அச்சு. எங்கள் பிரிண்டர் 24 ஊசி வைத்த பழைய எப்சன் டாட் மேட்ரிக்ஸ். இரண்டு ஓரமும் துளை போட்ட தொடர் பேப்பரில் நன்கொடைப் பட்டியல் அடித்து, கிழிக்காமல் அப்படியே மண்டபச் சுவரில் மேலிருந்து கீழாகத் தொங்கவிடுவது எங்கள் வழக்கம். தாத்தாக்கள் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து தங்கள் பெயரை விரலால் தொட்டுப் பார்ப்பார்கள். லேசரில் அடித்துத் தனித்தனி ஏ4 தாளாக ஒட்டலாம்தான். ஆனால் டாட் மேட்ரிக்ஸின் ரிப்பன் தீர்ந்தால் புதிதாக வாங்கிவிடலாம், லேசருக்கான டோனர் எங்கள் கோயிலுக்குக் கட்டுப்படியாகாது.

பழைய எக்செலில் அச்சு வேலை பிரிண்டரில் தொடங்குவதில்லை, ஃபாண்டில் தொடங்குகிறது. ஒரு பத்தியின் அகலம் 12 என்று போட்டால் அது சென்டிமீட்டரும் இல்லை, அங்குலமும் இல்லை. நார்மல் ஸ்டைலுக்கு, அதாவது ஃபைல் முழுக்க இயல்பாக வருகிற எழுத்தமைப்புக்கு, எந்த ஃபாண்ட் வைத்திருக்கிறோமோ அதன் சுழியம், அதாவது 0 என்ற இலக்கம், பன்னிரண்டு வரிசையாக நின்றால் எவ்வளவு இடம் பிடிக்குமோ அதுதான் 12. மாமா நார்மல் ஸ்டைலையே பாமினிக்கு மாற்றி வைத்திருந்தார். பாமினி இல்லாதபோது வேறு ஃபாண்டின் சுழியத்தை வைத்து எக்செல் அளந்ததால் பத்திகள் எல்லாம் இடம் மாறி, தொகைகள் கட்டத்துக்குள் அடங்காமல் வேலிக்கம்பி மாதிரியான குறிகளாக நின்றன. சரியான பாமினி வந்ததும் ஒன்றையும் தொடாமலே அவை தொகைகளாகத் திரும்பின. பக்கம் எங்கே முறியும் என்பதைத் தீர்மானிப்பதும் அப்போது இயல்பாகத் தேர்ந்திருக்கிற பிரிண்டரின் டிரைவர்தான், அதாவது அந்தப் பிரிண்டரோடு பேசக் கம்ப்யூட்டரில் போடுகிற மென்பொருள்தான். பிரிண்டரை முடிவு செய்யாமல் பக்கத்தை அழகு செய்தால் அத்தனையும் வீண். நானும் முதல் நாள் சாயங்காலம் முழுக்க அப்படி வீணாக்கினேன்.

பேப்பர் அளவும் அப்படித்தான். எங்கள் தொடர் பேப்பரின் ஒரு மடிப்புக்கு உயரம் 11 அங்குலம். டிரைவரில் ஏ4 என்று கிடந்தது, ஏ4 உயரம் 11.69 அங்குலம். ஒவ்வொரு பக்கத்துக்கும் 0.69 அங்குலம் நழுவி, ஆறாவது பக்கத்தில் மூன்றரை அங்குலம் தள்ளிப்போய் ஒருவர் பெயர் சரியாக மடிப்பின் துளைகள் மேல் உட்கார்ந்துவிடும். விண்டோஸில் பிரிண்ட் சர்வர் ப்ராப்பர்டீஸ் என்கிற இடத்துக்குப் போய், நம் பேப்பருக்கு ஒரு பெயர் கொடுத்து 9.5-க்கு 11 என்று புதுப் படிவம் உண்டாக்கி, பிறகு பிரிண்டரில் அதைத் தேர்ந்தால் நழுவுவது நிற்கும். மாமாவின் பழைய மெஷினிலும் யாரோ புண்ணியவான் இதைச் செய்து வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அத்தனை வருடப் பட்டியலும் ஒழுங்காக வந்திருக்காது.

தமிழ் இல்லாத ஆறு பக்கம்

புதுக் கம்ப்யூட்டரில் பழைய பிரிண்டர் கேபிளுக்கு இடம் இல்லை. யூஎஸ்பியிலிருந்து பேரலலுக்கு மாற்றுகிற வயர் ஒன்று வாங்கினேன். வயரை விண்டோஸ் கண்டுகொண்டது, அந்தப் பக்கம் என்ன பிரிண்டர் இருக்கிறது என்று அதற்குத் தெரியவில்லை. முதலில் இணைப்பு வேலை செய்கிறதா என்று மட்டும் பார்க்கலாம் என்று பட்டியலில் 'ஜெனரிக் / டெக்ஸ்ட் ஒன்லி' என்ற டிரைவரைத் தேர்ந்தேன். சோதனைக்குக் கைக்கு வந்த ஷீட் 2008 கூரை நிதிப் பட்டியல், 214 பெயர். அச்சிடச் சொன்னேன். அது வழக்கம்போல ஊர்ந்து ஊர்ந்து வராமல் சடசடவென்று ஓடியது. எடுத்துப் பார்த்தால் ஆறு பக்கத்திலும் தமிழெழுத்து ஒன்றுகூட இல்லை.

காரணம் உடனே புரிந்தது. எப்சனுக்கான டிரைவர் பாமினியின் உருவத்தைப் புள்ளி புள்ளியாகப் படம் வரைந்து அனுப்பும், அதனால்தான் மெதுவாக வரும். இந்த டிரைவர் உருவத்தை அனுப்பாது, எழுத்தின் எண்ணை மட்டும் அனுப்பும். பிரிண்டர் தன் வயிற்றுக்குள் வைத்திருக்கிற ஆங்கில எழுத்தில் அதை அடித்துத் தள்ளும். சரி, டிரைவரை மாற்றிக்கொள்ளலாம் என்று பேப்பரைச் சுருட்டப் போனேன். இருட்டுகிற நேரம், விளக்கு வெளிச்சத்தில் நான்காவது பக்கத்தின் நடுவில் இரண்டு வரி கண்ணில் பட்டது. அடுத்தடுத்த இரண்டு வரி. இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. முதல் எழுத்து மட்டும் ஒன்றில் பெரிய கே, மற்றதில் சின்ன கே. பெயர் ஒன்று. தொகை ஒன்று: 50,000, 50,000.

அவர்களை எனக்குத் தெரியும். பெயர் இங்கே வேண்டாம், முருகனுடைய பெயர்களில் ஒன்று இருவருக்கும். ஒருவர் இனிஷியல் மு, துணிக்கடை வைத்திருந்தவர். மற்றவர் இனிஷியல் ம, கொத்தனாருக்குச் சித்தாள் வேலை பார்த்தவர். தமிழில் பார்க்கும்போது மு ஒரு எழுத்து, ம வேறொரு எழுத்து, நம் கண் அவர்களை இரண்டு ஆளாகப் பிரித்துவிடும். அதனால் யாரும் அந்த வரிகளில் நின்று பார்த்ததில்லை. ஆங்கிலத்தில் பார்த்தபோதுதான் அவர்கள் ஒரே ஆள் போல நின்றார்கள். சித்தாள் வேலை பார்த்தவர் 2008-இல், புயல் அடித்துச் சில மாதத்துக்குள், 50,000 சாட் கொடுத்திருக்க முடியுமா? அன்றைக்கு என் ஒரு மாதச் சம்பளம் அதைவிடக் குறைவு.

வசூல் ஷீட்டைத் திறந்து தேடினேன். தெருத் தெருவாக வாங்கியதை மாமா வரிசையாக அடித்துவைத்த ஷீட் அது. மு. என்பவர் 50,000. நாற்பது வரி தள்ளி ம. என்பவர் 5,000. பட்டியல் ஷீட்டில் தொகைப் பத்தி வீலுக்அப் சூத்திரத்தால், அதாவது பெயரைத் தேடி அதற்கு நேரான தொகையை எடுத்துத் தருகிற சூத்திரத்தால், வசூல் ஷீட்டிலிருந்து வருகிறது. வீலுக்அப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்காது. ஆங்கிலத்தில் அதுதான் வசதி, பெயரை எப்படி அடித்தாலும் ஆள் கிடைப்பார். அது சொன்னபடியேதான் வேலை செய்தது. ஆனால் பாமினியில் பெரிய கே மு, சின்ன கே ம. ம. பெயரைத் தேடப் போன சூத்திரம் முதலில் கண்ட மு. வரியிலேயே நின்று 50,000-ஐ எடுத்துக்கொண்டு திரும்பியிருக்கிறது. மிச்சம் 45,000.

யாரும் பார்க்காத பக்கம்

அந்தத் தொகையை நான் பேப்பரில் கணக்குப் போடவில்லை. மனதுக்குள் அது தானாக விழுந்தது. 2008 கடைசியில் பட்டியலைச் சுவரில் தொங்கவிட்ட பிறகு, பட்டியலின் மொத்தத்துக்கும் செலவுக்கும் கைவசம் இருந்த ரொக்கத்துக்கும் 45,000 இடித்தது. கமிட்டிக் கூட்டத்தில் அது பேச்சானது. யாரும் மாமாவைத் திருடன் என்று சொல்லவில்லை. ஆனால், "எங்க போச்சுன்னு கணக்கர் சொல்லட்டும்" என்றார்கள். தகரம் வாங்கிய பில், ஆணி வாங்கிய பில், கூலி, லாரி வாடகை என்று செலவுப் பக்கத்தை மூன்று முறை புரட்டினார்கள். மாமாவும் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து செலவுப் பக்கத்தைத்தான் கூட்டினார். பட்டியலைக் கால்குலேட்டரில் கூட்டிப் பார்த்தபோது அது சரியாக வந்தது. வராமல் என்ன, தப்பான தொகைகளின் சரியான கூட்டல் அது. வரவு கம்ப்யூட்டர் எடுத்துக் கொடுத்தது, அதில் தப்பு இருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. சித்தாள் வேலை பார்த்தவர் அதற்குள் மலேசியாவுக்கு வேலைக்குப் போய்விட்டார், சுவரில் தன் பெயருக்கு நேரே என்ன இருந்தது என்று அவர் பார்த்திருக்க மாட்டார். அடுத்த வாரம் மாமா 45,000 சாட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அத்தையின் வளையல் ஒன்று அந்த வருடத்துக்குப் பிறகு அவர் கையில் இல்லை. கூட்டத்தில் கேள்வி கேட்டவர்களில் என் அப்பாவும் ஒருவர். நல்ல மனதோடு, கோயில் காசு என்கிற பயத்தோடு கேட்டவர்தான். அன்று வீட்டுக்கு வந்து அவர் சாப்பிடாமல் படுத்தது எனக்கு நினைவிருக்கிறது. அவர் போய் ஒன்பது வருடம் ஆகிறது.

அந்த ஆறு பக்கத்தையும் எடுத்துக்கொண்டு மறுநாள் காலையில் மாமா வீட்டுக்குப் போனேன். வசூல் ஷீட்டின் அந்த வரிகளையும் அச்சடித்துக்கொண்டேன். பெரிய எழுத்து, சின்ன எழுத்துக் கதையை இரண்டு முறை சொன்னேன். மாமா கண்ணாடியைத் துடைத்துவிட்டு அந்த இரண்டு வரிகளையும் வெகுநேரம் பார்த்தார். "அஞ்சாயிரம்" என்றார். "ஆமா, அவன் அஞ்சாயிரம்தான் கொடுத்தான். சம்பளம் வாங்கிட்டு நேரா வந்து கொடுத்தான், கையெல்லாம் சிமெண்டு." அப்புறம் கேட்டார்: "அவன் பேருக்கு ரசீது எவ்வளவுக்குப் போட்டோம் தாயி?" எனக்குப் பேச்சு வரவில்லை. தன் 45,000-ஐப் பற்றி அவர் அன்று ஒரு வார்த்தையும் பேசவில்லை. அத்தைதான் அடுப்படியிலிருந்து வந்து, பேப்பரை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அதன் பிறகு ஒரு மாதம் நான் செய்ததெல்லாம் இந்த ஓட்டையை அடைக்கும் வேலை. ம, மு மட்டும் இல்லை. அ, ஆ; உ, ஊ; க, கு; ச, சு என்று இனிஷியலாக வரக்கூடிய எத்தனையோ ஜோடிகள் பாமினியில் பெரிய, சின்ன எழுத்துகள். எக்செலில் எக்ஸாக்ட் என்றொரு சூத்திரம் இருக்கிறது, அது பெரிது சின்னது பார்த்து ஒப்பிடும். அதை வைத்து 2003 முதல் எல்லாப் பட்டியலையும் சோதித்தேன். இன்னும் மூன்று ஜோடி கிடைத்தது. நல்லவேளை, அந்த மூன்றிலும் இரண்டு பேரும் ஒரே தொகை கொடுத்திருந்தார்கள். இனி பெயரை வைத்துத் தேடவே வேண்டாம் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு சந்தா எண் கொடுத்து, அதை வைத்துத் தொகையை எடுக்கிற மாதிரி மாற்றிவிட்டேன்.

தம்பி மகனும் உதவிக்கு வந்தான். அவன் அன்றைக்குச் சொன்ன ஒரு ராத்திரி யூனிகோடு வேலையை ஒரு காப்பியில் செய்து பார்க்கச் சொன்னேன். காற்புள்ளி பிரித்த ஃபைலாக்கி மாற்றினான், இ வருகிற பெயரெல்லாம் இரண்டாக உடைந்தது. பாமினியில் இ உட்கார்ந்திருப்பது காற்புள்ளி விசையில். பிறகு பட்டியலில் ஆங்கிலத்திலேயே அடித்திருந்த கடைப் பெயர்களைத் தமிழ் என்று நினைத்து மாற்றிக் குழப்பியது. எது பாமினி, எது ஆங்கிலம் என்பது எழுத்தில் இல்லை, கட்டத்துக்குப் போட்ட ஃபாண்டில்தான் இருக்கிறது. கட்டம் கட்டமாக ஃபாண்ட் பெயரைப் படித்து மாற்ற வேண்டும். கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்பதைப் பின்னால் கொண்டுபோக வேண்டும். அவன் இப்போது நிதானமாகச் செய்துகொண்டிருக்கிறான், நன்றாகவே செய்கிறான். ஆனால் நான் அன்றைக்கே சரி என்று சொல்லியிருந்தால், பெரிய கேயும் சின்ன கேயும் அழகான மு-வாகவும் ம-வாகவும் மாறி, 50,000, 50,000 என்று அப்படியே உறைந்துபோயிருக்கும். மாமாவின் பெயரில் இருந்த அந்த இடிப்பு என்றைக்கும் தீர்ந்திருக்காது.

கமிட்டி இந்த ஆடியில் கூடியபோது விஷயத்தைச் சொன்னேன். இப்போது இருப்பவர்களில் பாதிப்பேர் அன்றைக்குச் சின்னப் பிள்ளைகள். 2008 பட்டியலைத் திருத்தி மறுபடியும் மண்டபத்தில் தொங்கவிடுவது என்று முடிவானது. மாமா ஒன்றே ஒன்று கேட்டார், அதே பாமினியில், அதே பிரிண்டரில் வர வேண்டும் என்று. எப்சன் எல்கியூ டிரைவரைப் போட்டு, 9.5-க்கு 11 படிவத்தைத் தேர்ந்து, சாயங்காலம் அச்சைத் தொடங்கினோம். ஊசிகள் புள்ளி புள்ளியாகப் பெயர்களைக் கொண்டுவந்தன. நான்காவது பக்கம் முடிகிற நேரத்தில் கரண்ட் போனது. இருட்டில் உட்கார்ந்து, டார்ச் வெளிச்சத்தில் வந்த வரைக்கும் மாமா வாய்விட்டுப் படித்தார், நான் வசூல் நோட்டோடு ஒப்பிட்டேன். மு., ஐம்பதாயிரம். ம., ஐயாயிரம். அங்கே அவர் நிறுத்தவில்லை, மற்ற வரிகளைப் போலவே படித்துக்கொண்டு போனார். ஒரு மணி நேரம் கழித்துத் தெருவில் பிள்ளைகள் "மீ லா பீ!" என்று, கரண்ட் வந்துவிட்டது என்று பர்மியத்தில் கத்தினார்கள், பிரிண்டரை மறுபடி ஓடவிட்டோம். ஆறாவது பக்கத்தின் அடியில் மொத்தம் விழுந்ததும் மாமா பேப்பரைக் கிழிக்காமல் என் பக்கம் தள்ளி, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் கொடுத்தார்.

"கம்ப்யூட்டர் போட்டது இருக்கட்டும். நீ ஒரு தடவை கையால கூட்டு" என்றார்.

கூட்டினேன். சரியாக வந்தது.